முப்பத்திரண்டாயிரத்து நானூறு துளி

1946ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9ஆந் திகதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மூன்று நாளாக வானம் மூடிக் கிடந்தது. பெருமழை விட்டிருந்தாலும் வாடைக்காற்றில் தூறல் சரிந்து விழுந்து ஆஸ்பத்திரி விறாந்தையின் ஓரத்தை நனைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் என் மனைவியின் இடது கையில் ஊசி ஏறி, முதல் துளி விழுந்தது.

நேரத்தை நான் என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். மிஸ்ஸி என்று நாங்கள் அழைக்கும் தாதி தன் மார்பில் தலைகீழாகக் குத்தியிருந்த சிறு கடிகாரத்தில் பார்த்தார். இரண்டுக்கும் அரை நிமிட வித்தியாசம் இருந்தது. வேறு யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். எனக்கு அது பெரிய கவலையாகிவிட்டது.

நான் அப்போது நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞன். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, மதகு வழியே எவ்வளவு போகிறது என்று எழுதுவது என் வேலை. வேலைக்கு வருமுன்பே எண்ணுகிற பழக்கம் என்னிடம் இருந்தது. படி ஏறினால் படியை எண்ணுவேன், கூரையைப் பார்த்தால் ஓட்டை எண்ணுவேன். மனம் கலங்கினால் பழக்கம் இன்னும் கூடும். அன்று காலை அந்தப் பெண்கள் வாட்டில் இருபத்திரண்டு கட்டில்களும் ஒன்பது யன்னல்களும் இருந்தன. ஒவ்வொரு யன்னலிலும் குறுக்கே ஐந்து கம்பிகள்.

வெள்ளம் ஏறி எங்கள் ஊர்க் கிணறுகளெல்லாம் கலங்கியிருந்த காலம் அது. சனிக்கிழமை இரவு அவளுக்கு வயிற்றோட்டமும் சத்தியும் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் கஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம். உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. திங்கட்கிழமை விடியுமுன் வண்டியில் ஏற்றி, மண்டூர்த் துறைக்குக் கொண்டுவந்து, தோணியில் வாவியைக் கடந்து, அக்கரையில் பஸ் பிடித்துப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தோம். நாங்கள் என்பது நானும் என் மாமியும். அவள் மாமியின் ஒரே பிள்ளை.

டொக்டர் அவளுடைய வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிவிட்டார். தோல் மடிந்தபடியே நின்றது. கண்கள் குழி விழுந்து, குரல் அடைத்து, உதடு வெடித்திருந்தது. முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவள் சிறுநீர் கழிக்கவில்லை என்று மாமி சொன்னபோது டொக்டரின் முகம் மாறியது. அவர் சொன்னது சுருக்கம். மூன்று மணித்தியாலத்துக்குள் ஒரு போத்தல் சேலைன் உள்ளே போகவேண்டும். அதன்பிறகு ஆறு ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. சிறுநீர் இறங்கினால் பிழைப்பாள்.

ஊசி குத்துமுன் மிஸ்ஸி ஒரு வேலை செய்தார். போத்தலிலிருந்து வரும் ரப்பர் குழாயின் நடுவில், துளி விழுவது தெரியும்படி ஒரு கண்ணாடிக் குமிழ் இருந்தது. குழாயின் நுனியைச் சிறிய அளவுக் கிளாசுக்குள் விட்டு, குமிழில் விழுந்த துளிகளை எண்ணினார். இருபது துளி விழ ஒரு சி.சி. நிறைந்தது.

“எதுக்கு மிஸ்ஸி இது?” என்று கேட்டேன்.

“எல்லாக் குமிழும் ஒரு மாதிரிச் சொட்டாது. அடுத்த வாட்டில இரிக்கிறது பதினைஞ்சு சொட்டுக்கு ஒரு சி.சி. இது இருபது. சொட்டு எவ்வளவு பெரிசெண்டு தெரியாம எண்ணி என்ன பிரயோசனம்?”

போத்தலில் ஐந்நூற்று நாற்பது சி.சி. இருந்தது. இருபதால் பெருக்கினால் பத்தாயிரத்து எண்ணூறு துளி. மூன்று மணித்தியாலத்துக்கு நூற்றெண்பது நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு அறுபது. அவர் இதை மனத்துக்குள்ளேயே செய்து முடித்துவிட்டார். நான் பஸ் டிக்கெற்றின் பின்புறத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். அறுபதுதான் வந்தது.

“சரியா? நான் பாசா?” என்றார்.

“சரி,” என்றேன். அவர் சிரித்தார். அப்போது எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

“கூட விட்டா நெஞ்சு தாங்காது. குறைய விட்டா சிறுநீர் இறங்காது. அறுபது,” என்று சொல்லி, குழாயை நெரிக்கும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, துளி விழும் வேகத்தைத் தன் கடிகாரத்தின் முள்ளோடு சேர்த்துவிட்டார். செக்கனுக்கு ஒரு துளி. பிறகு என்னை வெளியே போகச் சொன்னார். பார்வை நேரம் தவிர ஆண்கள் அந்த வாட்டில் நிற்கக்கூடாது. மாமி கட்டிலின் தலைமாட்டில், ஒரு முக்காலியில் இருந்தார்.

நான் விறாந்தையில் அவளுடைய யன்னலைத் தேடிப்பிடித்து அதற்கு வெளியே நின்றுகொண்டேன். நுளம்பு வலை கட்டும் கம்பியின் மேலாக ஒரு கயிற்றைப் போட்டு அதில் போத்தலைத் தொங்கவிட்டிருந்தார்கள். கயிற்றின் மறுநுனி தலைமாட்டில் கட்டியிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கம்பிகளுக்கூடே அவளுடைய முகமும், கண்ணாடிக் குமிழும், போத்தலில் ஒட்டியிருந்த சிவப்புச் சீட்டும் தெரிந்தன. நின்றபடியே எண்ணினேன்.

பத்தரைக்கு அறுபது. பத்து நாற்பதுக்கும் அறுபது. பத்து ஐம்பதுக்கு ஐம்பத்தொன்று.

விறாந்தையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய் மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். அவர் நாலாவது கட்டிலில் யாருக்கோ கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, துளியைப் பார்த்து, திருகை இளக்கி, மறுபடி அறுபதுக்குக் கொண்டுவந்தார். “குழாய் கொஞ்சம் இறுகும் ஐயா. பயப்படாதீங்க,” என்றார்.

பதினொன்றேகாலுக்கு நாற்பத்துநாலு. நான் மறுபடி ஓடினேன். அவர் இந்தமுறை ஊசி ஏறிய இடத்தைத் தடவிப் பார்த்தார். வீக்கம் இல்லை. குழாய் எங்கும் மடிந்திருக்கவில்லை. திருகை இன்னும் இளக்கினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

பதினொன்று நாற்பதுக்கு முப்பத்தெட்டு. பதினொன்று நாற்பத்தைந்துக்கு முப்பது. நான் வாசலுக்குப் போகாமல் யன்னலாலேயே கூப்பிட்டேன். மிஸ்ஸி வந்து குழாயின் அடிநுனியைப் பார்த்தார். ஊசிக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் மெல்லிய சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

“இரத்தம் திரும்பி வருது. ஊசிக்குள்ள உறைஞ்சா வேறை நரம்பு தேட வேணும். இவக்கு நரம்பெல்லாம் உள்ளுக்குப் போயிட்டு.” அவர் அதைத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்.

நான் எண்ணுவதை விட்டுவிட்டு யன்னலையே பார்த்தபடி நின்றேன். ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. காலையில் சிவப்புச் சீட்டு மேலிருந்து முதலாவது கம்பிக்கு நேரே இருந்தது. இப்போது நாலாவது கம்பிக்கு நேரே இருந்தது.

குளத்தில் தண்ணீர் தாழ்ந்தால் மதகில் வேகம் குறையும் என்பதைத் தினமும் எழுதுகிறவன் நான். “மிஸ்ஸி, போத்தல் இறங்கியிரிக்கி,” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். காலையில் கையை நீட்டி எட்டித் தொட்ட போத்தல் இப்போது அவருடைய நாடிக்கு நேரே தொங்கியது. கயிற்றைப் பார்த்தார். தலைமாட்டு முடிச்சைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார்.

மாமி முகத்தைத் திருப்பவில்லை. “நான்தான் இறக்கின. மறைக்கல்ல,” என்றார்.

“ஏன் அம்மா?”

“தலைக்கு மேல பாத்திரம் தொங்கி, அதில தண்ணி சொட்டுச் சொட்டா ஒழுகுது. பொத்தல் குடத்தில தண்ணி ஒழுக ஒழுகச் சுத்திறது எங்க எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே மிஸ்ஸி. நாலு வரியத்துக்கு முன்னம் இவட தகப்பனுக்கு அதைப் பார்த்தன். உசிரோட கிடக்கிற புள்ளைக்கு மேல நான் அதைத் தொங்க விட்டுட்டு எப்படிப் பார்த்துக்கொண்டிரிக்கிற? தலைக்கு மேல வேணாமெண்டு கொஞ்சம் கொஞ்சமா இறக்கின.”

நான் மிஸ்ஸியைக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவைக்கும் முன் ஒரு சாண் இறங்கியிருக்கிறது; குமிழிலும் கடிகாரத்திலும் கண் வைத்திருந்த நான் அதைக் காணவில்லை. அந்தச் சாணுக்கு ஏற்றபடி மிஸ்ஸி திருகை இளக்கியிருக்கிறார். இப்போது இளக்கத் திருகு இல்லை.

“அம்மா, இது உசரத்தில இரிந்தாத்தான் உள்ளுக்குப் போகும்.”

“அப்ப ஊசியைக் கழட்டிவிடுங்க. நான் என்ட புள்ளையை ஊட்ட கொண்டு போறன். வெல்லாவெளியில கைராசியான பரியாரி ஒராள் இரிக்கார்.”

“துறை மட்டும் போகவும் தாங்காதம்மா.”

மாமி மகளின் வெடித்த உதட்டை ஈரத்துணியால் ஒற்றினார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய் வாழ்கிறான். வீடும் வளவும் பெண் வழியில் வருபவை. அப்போது அந்த வீட்டில் நான் மூன்றரை வருடமாக இருந்தேன். பெண்ணைப் பற்றிய காரியத்தில் தாய் ஒன்று சொல்லிவிட்டால் மருமகன் எதிர்த்துப் பேசுவதில்லை. அதற்குமேல், மாமி என்னோடு நேரே பேசுவதும் இல்லை. “அவரைச் சாப்பிட வரச் சொல்லு புள்ள” என்று மகளிடம்தான் சொல்லுவார். என் முகம் பார்த்துப் பேசியது அதுவரை நாலு தரம். இப்போது இடையில் நின்று பேசுகிறவள் கண் மூடிக் கிடந்தாள். நான் யன்னலுக்கு வெளியே நின்றேன். தூறல் முதுகை நனைத்தது. குமிழில் துளி விழுவதும் நிற்பதுமாக இருந்தது.

அடுத்த கட்டிலில் காய்ச்சலோடு ஒரு பெண் படுத்திருந்தாள். அவளுக்குத் துணையாக வந்த தாய் காத்தான்குடிக்காரர், தலையில் முக்காடு போட்ட பருத்த முஸ்லிம் மனுசி. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்தார்.

“இஞ்ச தாங்க மிஸ்ஸி, நான் தூக்கிப் பிடிக்கன். எங்கட ஆக்களுக்குப் பொத்தல் குடமும் இல்ல, சுத்திறதும் இல்ல. என்ட கையில இரிந்தா இது வெறும் போத்தல்தானே. என்ட புள்ளைக்குக் காய்ச்சல் வேர்த்து இறங்கிட்டு, நானும் சும்மாதான் இரிக்கன்.”

மிஸ்ஸி ஒரு கணம்தான் யோசித்தார். கயிற்றை அவிழ்த்துப் போத்தலை அந்த அம்மாவின் கையில் கொடுக்க நீட்டினார்.

மாமி எழுந்துவிட்டார். “நீங்க இரிங்ககா. என்ட புள்ளைக்கு நான் இரிக்கக்குள்ள மற்றாக்கள் என்னத்துக்குப் பிடிக்கிற?”

“அப்ப பிடிங்க. தாழப் பிடிக்கப்படா, அவ்வளவுதான்.”

மாமி கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. மிஸ்ஸி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அந்தக் குடம் தூக்கிறவர் திரும்பிப் பார்க்கிறல்லத்தானே அம்மா. நீங்க புள்ளட முகத்தைப் பார்த்துக்கொண்டு பிடியுங்க.”

மாமி போத்தலை வாங்கி, மகளின் முகத்துக்கு நேரே நின்று, இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்தினார்.

குழாய்க்குள் ஏறியிருந்த சிவப்பு இறங்கியது. திருகு முழுவதும் இளகியிருந்ததால் துளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விழுந்தன. மிஸ்ஸி உடனே திருகை இறுக்கினார். போத்தலின் பக்கத்தில் அளவுக் கோடுகள் இருந்தன. இன்னும் முந்நூற்றுப் பதினைந்து சி.சி. மிச்சம். கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. ஒன்று இருபதுக்கு முடியவேண்டுமென்றால் தொண்ணூறு நிமிடம். நானும் அவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: “எழுபது.”

“அதுக்கு மேல விடமாட்டன்,” என்று சொல்லித் திருகை எழுபதில் நிறுத்தினார். “ஐயா, நீங்க வெளியில நிண்டு எண்ணுங்க. குறைஞ்சா அம்மாக்குச் சொல்லுங்க. எனக்கு மற்ற ஆக்களும் இரிக்காங்க.”

அப்படித்தான் நானும் மாமியும் பேசத் தொடங்கினோம்.

“மாமி, அறுபத்தாறு.”

அவர் உயர்த்தினார்.

“எழுபத்திரண்டு. கொஞ்சம் இறக்குங்க.”

“கொஞ்சமெண்டா எவ்வளவு மருமகன்?”

“ரெண்டு விரல்.”

“என்ட விரலா, உங்கட விரலா?”

நான் யோசித்தேன். உண்மையில் அது நியாயமான கேள்வி. “உங்கட விரல்,” என்றேன்.

காத்தான்குடி அம்மா தன் மகளுக்கு விசிறிக்கொண்டே, “கடிகாரத்தை வச்சுக்கொண்டு மாமியிட்ட இப்படி வேலை வாங்கின மருமகனை நான் இஞ்சதான் பார்க்கன்,” என்றார். வாட்டில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாமியின் வாயும் ஓரத்தில் அசைந்தது. கை அசையவில்லை.

பத்து நிமிடத்தில் கை நடுங்கத் தொடங்கியது. ஒற்றைக் கைக்கு மாற்றினார், பிறகு மற்றக் கைக்கு. காத்தான்குடி அம்மா முக்காலியைக் கொண்டுவந்து அவருடைய முழங்கைக்கு முட்டுக் கொடுக்கப் பார்த்தார். உயரம் போதவில்லை. தன் தோளையே கொடுத்தார். மாமி அந்தத் தோளில் முழங்கையை ஊன்றி நின்றார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மாமி மகளின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிள்ளைக்கு ஆறு மாதத்தில் பல் வந்தது, ஏழு வயதில் வாவியில் விழுந்தது என்று என்னென்னவோ அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றரை வருடத்தில் என் மனைவியைப் பற்றி நான் அறியாத பலதை அந்த அரை மணித்தியாலத்தில் யன்னலுக்கு வெளியே நின்று அறிந்துகொண்டேன்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மாமி போத்தலை இறக்கி முகத்துக்கு நேரே வைத்து ஒரு தடவை பார்த்தார். சிவப்புச் சீட்டைத் தடவினார். பிறகு அவரே கயிற்றில் கட்டி, நான் காட்டிய முதலாவது கம்பிக்கு நேரே இழுத்து, முடிச்சுப் போட்டார்.

“பிடிச்சுப் பார்த்தாத்தான் தெரியுது. போத்தல்தான்,” என்றார். பிறகு முக்காலியில் இருந்து, தன் கையைத் தானே பிசைந்துகொண்டார்.

முதற் போத்தல் ஒன்று இருபத்திரண்டுக்கு முடிந்தது. இரண்டு நிமிடம் பிந்தியதை நான் மிஸ்ஸியிடம் சொன்னேன். “டொக்டர் மன்னிப்பார்,” என்றார். இரண்டாவதற்கு நிமிடத்துக்கு முப்பது போதும். இரண்டு செக்கனுக்கு ஒரு துளி. அந்த வேகம் எனக்குப் பழக நெடுநேரம் எடுத்தது. ஒவ்வொரு துளிக்குப் பின்னும் அடுத்தது வராதோ என்று இருந்தது.

மாமி யன்னலருகே வந்தார். “மருமகன், மூணு போத்தலுக்கும் எத்தினை சொட்டு?”

“முப்பத்திரண்டாயிரத்து நானூறு.”

“வடிவாப் பார்த்துச் சொல்லுங்க.”

பஸ் டிக்கெற்றை எடுத்து மறுபடி போட்டேன். “முப்பத்திரண்டாயிரத்து நானூறுதான் மாமி.” அவர் உதடு அசைய அந்த எண்ணை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். ஏன் கேட்டார் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஐந்து மணி கழிந்து சற்று நேரத்தில், உள்ளே மறைப்புத் துணி இழுபடும் சத்தம் கேட்டது. மிஸ்ஸி யன்னலுக்கு வந்தார். முகம் களைத்திருந்தது. “ஐயா, உங்கட ஆள் சிறுநீர் கழிச்சிட்டா. அளந்து பார்த்தன். நூற்றெண்பது சி.சி.”

என் வாழ்க்கையில் எத்தனையோ எண்களை எழுதியிருக்கிறேன். அந்த எண்ணைக் கேட்டபோது எழுதக் கை வரவில்லை. யன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, காற்றுப்போன குரலில் ஏதோ சொன்னாள். மாமி கேட்டு எனக்குச் சொன்னார்: “ஏன் நனைஞ்சுகொண்டு நிக்கிறீங்களாம்.” பழையபடி ஒருவர் இடையில் நின்று எனக்குப் பேச்சு வந்தது. இந்தமுறை மகளிடமிருந்து மாமி வழியாக, திசை மாறி வந்தது.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே மாமி விஷயத்தைச் சொன்னார். போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது மண்டூர் முருகனுக்கு நேர்ந்திருக்கிறார். புள்ளை எழும்பினால் சொட்டுக்கு ஒரு பூ.

நான் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன். “முப்பத்திரண்டாயிரத்து நானூறு பூவா?”

“நீங்கதானே கணக்குச் சொன்ன.”

“மாமி, ஒவ்வொரு போத்தலிலயும் அடியில கொஞ்சம் மிஞ்சினது. இருபது சி.சி. எண்டு வச்சாலும் நானூறு சொட்டு. மூணுக்கும் ஆயிரத்திருநூறு கழிக்கலாம்.”

“சாமியிட்ட மிச்சம் பிடிக்கிறீங்களா மருமகன்?”

கழிக்கவில்லை.

பங்குனி வரை பொறுத்தோம், அவள் உடம்பு தேறட்டும் என்று. அவள் பாயில் இருந்தபடி எனக்கு வழி சொல்லிப் பார்த்தாள். “வேம்பு பூத்திரிக்கி. ஒரு கொப்பு முறிச்சா ஐயாயிரம் பூ. அதுவும் பூத்தானே?” எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கொப்புக்கு எத்தனை என்று எண்ணவும் தொடங்கிவிட்டேன்.

“வேம்பு அம்மனுக்கு,” என்று மாமி அடுக்களையிலிருந்து சொன்னார்.

“தாமரையில இதழை எண்ணினா?”

“பூவெண்டு நேர்ந்தா பூ, மறுகா என்ன இதழ்?”

அலரியும் நந்தியாவட்டையும் மல்லிகையுமாக ஊர் வளவெல்லாம் பறித்தோம். ஒரு நாளில் பறித்தது மறுநாள் வாடிவிடும் என்பதால் போத்தலுக்கு ஒரு நாளாக மூன்று நாள் வைத்துக்கொண்டோம், நாளுக்குப் பத்தாயிரத்து எண்ணூறு. விடிய விடியப் பெண்கள் பறித்துக் கொண்டுவந்து கொட்டினார்கள். முற்றத்தில் பாய் விரித்து நானும் அவளும் எதிரெதிரே இருந்து நூறு நூறாக எண்ணிக் கூடையில் போட்டோம். அவளுடைய கைகள் இன்னும் மெலிந்துதான் இருந்தன. வளையல் முழங்கை வரை ஓடியது.

“எண்ணாமக் குவியலாக் குடுத்தா முருகன் வேணாமெண்டு செல்லுவாரா?” என்றாள்.

“எண்ணித்தானே உன்னைத் திருப்பி எடுத்த,” என்றேன்.

அவள் குனிந்துகொண்டு எண்ணினாள். அவளுடைய நூறில் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். அவள் பார்க்காத நேரத்தில் இரண்டு குவியலைத் திரும்ப எண்ணினேன். சரியாக இருந்தது. மாமி அதைப் பார்த்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, மூன்றாவது குவியலைத் தன் பக்கம் இழுத்து எண்ணத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் பின்னேரம் கடைசிக் கூடையும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. பூ பறித்தவர்களுக்குக் கூலி, கூடை, மூன்று நாள் வண்டி வாடகை, தேங்காய், கற்பூரம் எல்லாம் சேர்த்து எனக்குச் செலவானது இருபத்தேழு ரூபா நாற்பது சதம்.